ஆலையின் சத்தம் சொல்லும் சேதி



வீட்டு கிரைண்டரில் அளவுக்கு மீறி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? கல் சுற்றும், மாவு அரைபடாது. அந்த நேரத்தில் யாராவது இன்னும் ஒரு படி அரிசியைப் போடுவார்களா? ஆனால், பெரிய அரைவை ஆலைகளில் சில வேளைகளில் இதுதான் நடக்கிறது!

ஜொகூரின் துறைமுக நகரம் பாசிர் கூடாங். சிமெண்டு அரைவை நடக்கும் ஊர் அது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும் சூளைகள் பேராக், லங்காவி போன்ற இடங்களில் இருக்கின்றன. சூளையில் வெந்து உருண்டையாகும் கிளிங்கரை ஜிப்சத்தோடு சேர்த்துப் பொடியாக்குவதுதான் அரைவை ஆலையின் வேலை.

நீண்ட இரும்பு உருளை. உள்ளே எஃகுக் குண்டுகள். 4 மீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்குச் சுமார் 16 முறை சுற்றும். 21 முறைக்கு மேல் போனால் குண்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், விழாது, அரைக்காது. வேகமாகச் சுற்றினால் அதிகம் அரைபடும் என்பது தவறான கணக்கு.

உருளை நிரம்பி அடைத்துக்கொண்டால் முதலில் சத்தம் மாறும். கணகணவென்ற ஒலி அமுங்கிப்போகும். குண்டுகள் பொடிக்குள் புதைந்து மெத்தைமேல் விழுவதுபோல் விழுகின்றன. வெளியே வரும் சரக்கும் குறையும். மோட்டார் இழுக்கும் மின்சாரமும் இறங்கும். புதியவர் அதைப் பார்த்து, "ஆலை காலியாக இருக்கிறது" என்று சரக்கைக் கூட்டுவார். அங்கேதான் வினை! அனுபவசாலி சரக்கைக் குறைப்பார். அடைப்பு தீரப் பொறுத்திருப்பார். பிறகு காரணம் தேடுவார். மழையில் நனைந்த ஜிப்சமா? தடுப்புச் சுவரின் துளைகள் அடைந்தனவா? காற்றோட்டம் குறைந்ததா?

ஆலை காலியாக ஓடினால் நேர்மாறு. காதைப் பிளக்கும் ஓசை. குண்டுகள் உட்தகட்டையே அடித்து உடைக்கும்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. சூடு 120 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஜிப்சம் தன் நீரை இழக்கும். அந்த சிமெண்டு கலக்கும்போதே இறுகிப்போய், கொத்தனாரின் திட்டு ஆலைக்கு வரும்.

நேயர்களே, சத்தம் கேட்டே நோயைச் சொன்ன மூத்த தொழிலாளர்கள் பலர் உண்டு. அந்தத் திறமைக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? செவி! ஆலையருகே ஓசை 100 டெசிபலை நெருங்கும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிமுறைப்படி 8 மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபல். ஆலையின் ஒலியைக் கேட்க இன்று உருளையருகே மைக்ரோஃபோன் இருக்கிறது. அது கேட்கட்டும், மனிதர் காதடைப்பான் அணியட்டும்.

இன்னொன்று. நின்ற ஆலையும் ஆபத்தே. உள்ளே ஒருபக்கம் சாய்ந்த குண்டுகளின் பாரத்தால் உருளை தானாகத் திரும்பலாம். எனவே உருளை அசையாதபடி தடுத்த பிறகே, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். பூட்டின் சாவி இறங்குகிறவர் பையிலேயே இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் மேசையில் அல்ல.

இன்று குறைந்த சிமெண்டை நாளை அரைத்துவிடலாம். போன காதையும் உயிரையும் எந்த ஆலையும் அரைத்துத் தராது.