இடமில்லை என்று சொல்லாத கதவு



இரக்கத்தைப் பற்றிப் பேசினால் கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் இன்று உங்கள் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

2004இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வந்தது. வாக்ஸ்மன், காலின்ஸ் என்ற இரு உறுப்பினர்கள் கேட்டு வாங்கியது. நாடெங்கும் உள்ள சிறார் காவல் இல்லங்களிடம் ஒரே கேள்வி: மனநல சிகிச்சைக்கு வெளியே இடம் கிடைக்காததாலேயே உங்களிடம் அடைபட்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ 2,000 பேர் என்றது பதில். சிலர் மேல் குற்றச்சாட்டே இல்லை! இதற்கு ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் செலவு. மருத்துவமனை படுக்கை இல்லை என்கிறது, காப்பீட்டு நிறுவனம் வரம்பு முடிந்தது என்கிறது. காவல் இல்லம் மட்டும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

இன்னொன்று கேளுங்கள். 2001ஆம் நிதியாண்டில், கணக்குக் கொடுத்த சில மாநிலங்களிலும் கவுண்டி என்னும் மாவட்டங்களிலும் மட்டுமே, மனநல சிகிச்சை கிடைக்கட்டும் என்று பெற்றோர் அரசின் குழந்தைநலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ ஒப்படைத்த பிள்ளைகள் 12,700 பேருக்கு மேல். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இப்படி ஒரு வழி சொன்னால் ஊர் சும்மா இருக்குமா?

ஏன் இப்படி? ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டை 1965இல் சட்டமாக்கியபோதே, சிறையில் இருப்பவருக்கு இந்தப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். பையன் வீட்டில் இருந்தால் மருந்துச் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் கவுண்டியின் தலையில், அதாவது உங்கள் வீட்டு வரியில், விழும். 2025 தொடக்கத்திலிருந்து, பிள்ளைகள் விஷயத்தில், விடுதலைக்கு முந்தைய 30 நாளுக்கு இந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகு முப்பது நாள்! ஒரு துறை மிச்சம் பிடித்ததாகக் காட்டும் பணம், அடுத்த துறையின் செலவுப் புத்தகத்தில் பன்மடங்காக நிற்கிறது.

எவ்வளவு என்கிறீர்களா? ஒரு பிள்ளையைப் பூட்டி வைக்க ஆண்டுக்குச் சராசரி 2,14,620 டாலர் என்று 2020இல் நீதிக் கொள்கை நிறுவனம் கணக்கிட்டது. ஓஹையோவில், இத்தகைய பிள்ளைகளை வீட்டில் வைத்தே குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை தரும் அரசுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்குச் சுமார் 5,000 டாலர்தான்.

"ஆபத்தான பையனைத் தெருவில் விடச் சொல்கிறீரா?" என்று ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. இல்லை ஐயா. வன்முறை செய்தவனை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அடைத்தால் திருந்துவான் என்பதையும் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை. நம் சிகாகோவின் வழக்குகளை ஆராய்ந்து ஐசர், டாயில் என்ற பொருளியலாளர்கள் 2015இல் எழுதினார்கள்: ஒரே மாதிரிப் பிள்ளைகளில், அடைக்கப்பட்டவர்கள் பள்ளியை முடிப்பது குறைந்தது, வளர்ந்த பின் மறுபடி சிறைக்குப் போவது கூடியது. அந்தச் செலவும் நம்முடையதுதான்.

கவுண்டி வரவு செலவுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். மனநலச் செலவைக் குறைத்துவிட்டோம் என்று அங்கே யாராவது பெருமை பேசினால், எழுந்து நின்று காவல் இல்லத்தின் கணக்கையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.