கண்மாய்க் கணக்குப் பார்த்த பேராசிரியர்



முல்லைப்பெரியாறு அணைக்காக 1886-இல் ஆங்கிலேய அரசு திருவிதாங்கூரோடு எழுதிய ஒப்பந்தத்தில் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய். சுமார் 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள். 1970-இல் அது 30 ரூபாய் ஆனது. அதெல்லாம் நீர் தேங்கும் நிலத்துக்கான வாடகை. அங்கிருந்து வந்து கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையவைக்கும் தண்ணீருக்கு என்ன மதிப்பு? இப்படிப்பட்ட கேள்விகளோடு வாழ்ந்த பொருளாதாரப் பேராசிரியர் அ. வைத்தியநாதன். 1931-இல் பிறந்தவர், 2020-இல் மறைந்தார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், டெல்லியில் திட்டக் குழு, திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் வளர்ச்சி ஆய்வு நிறுவனங்கள். பதவிகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். அதைவிட நமக்கு நெருக்கமானது, எஸ். ஜனகராஜனோடு சேர்ந்து அவர் வைகைப் படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தது.

நிலத்தடி நீருக்கும் கண்மாய்க்கும் என்ன உறவு? தேனி அல்லிநகரத்து மீறுசமுத்திரம் கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்களேன். கண்மாய் என்றால் வரத்துக்கால் தூர்வார வேண்டும், மடையைப் பார்க்க வேண்டும். ஆயக்கட்டுக்காரர்கள் கூடினால்தான் நடக்கும். சொந்தக் கிணற்றில் மோட்டார் போட்டவருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை? அவர் ஒதுங்குவார், குடிமராமத்துக்கு ஆள் குறையும். ஆனால் கண்மாயில் தண்ணீர் நின்றால்தானே கிணற்றில் ஊறும்! ஊற்று வற்றியதும் கிணற்றை வெட்டி ஆழமாக்குவார், அப்புறம் போர் போடுவார். அடுத்த தோட்டக்காரரும் அதையே செய்வார். கையில் காசு இல்லாதவர் அவர்களிடமே தண்ணீரை விலைக்கு வாங்குவார்.

பாசன நீர்க் கட்டணம் பற்றித் திட்டக் குழு அமைத்த குழுவுக்கு வைத்தியநாதன்தான் தலைவர். 1992-இல் வந்த அறிக்கை, வசூலாகும் தீர்வை பராமரிப்புச் செலவுக்கே காணாது, கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்றது. விவசாயியிடமா கை வைப்பது என்று கோபம் வரும். அந்த அறிக்கைக்கு இன்னொரு பாதி உண்டு: நீர் நிர்வாகத்தில் விவசாயிகளின் அமைப்புக்குப் பங்கு வேண்டும், சேவையும் சீராக வேண்டும். கட்டணத்தைப் பற்றி வாய்கிழியப் பேசியவர்கள் இந்தப் பாதியைத் தொடவில்லை என்பது என் எண்ணம்.

கிணற்றுக்கு வந்தால், தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். கூடுதலாக ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் ஓட்டியவருக்குச் செலவு தெரியாது. நீர்மட்டம் இறங்கும் செலவு பக்கத்துக் கிணற்றுக்காரர் தலையில். அதை எந்த இலாகாவும் ரசீது போட்டு வசூலிக்க முடியாது. கண்மாய்க் கரையில் கூடிப் பேசி, யாருக்கு எவ்வளவு என்று வரம்பு கட்டும் அதிகாரம் ஆயக்கட்டுக்காரர்களுக்கே இருக்க வேண்டும்.