தலைக்கு மேல போற ஃப்ளைட் நிஜமா எவ்வளவு உயரம்?

தாம்பரத்துல இருந்து பேசுறேன். எங்க அத்தை வீடு அனகாபுத்தூர். மீனம்பாக்கம் ரன்வேயோட மேற்கு முனைல இருந்து சுமார் 3 கிலோமீட்டர்தான். போன்ல பேசிட்டு இருக்கும்போதே "இருடா, ஃப்ளைட் போகட்டும்"னு நிறுத்துவாங்க. ஜூன் வந்தா விடியற்காலைத் தூக்கமும் போச்சு.

ஏன் ஜூன்? விமானம் எதிர்க்காத்துலதான் கிளம்பும். தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கும்போது மேற்கு நோக்கி, பொழிச்சலூர், அனகாபுத்தூர் மேல ஏறும். மதியத்துக்கு மேல கடல்காத்து வந்தா ஆலந்தூர் பக்கம் திரும்பிடும்.

"ஒரு மனு எழுதிக் கொடுடா"ன்னு அத்தை கேட்டாங்க. டேட்டாவோட எழுதுவோம்னு உட்கார்ந்தேன். பெரும்பாலான விமானங்கள் தங்களோட இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ்ல சொல்லிக்கிட்டே பறக்கும். இதுதான் ஏடிஎஸ்-பி. ஃப்ளைட்ரேடார்24 பெரும்பாலும் காட்டுறது இதைத்தான்.

கிராஃப் போட்டாச்சு, மனுவும் ரெடி. அப்பதான் தப்பு புரிஞ்சது. அந்த சிக்னல்ல வழக்கமா வர்ற உயரம், கடல்மட்டத்துல காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல்னு வச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு. நிஜ அழுத்தம் 1003ஆ இருக்கிற ஒரு ஜூன் நாளை எடுத்துக்கோங்க. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு சுமார் 27 அடி வித்தியாசம். டேட்டா 1,500 அடின்னு சொன்னா, விமானம் சுமார் 1,230 அடிலதான் போகுது. அப்படியே கொடுத்திருந்தா அத்தைக்கு எதிரா நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

சரி, திருத்தின டேட்டாவை வச்சு என்ன கேக்கலாம்? சத்தம் குறைய ஐகாவோ அமைப்பு ரெண்டு ஏறுமுறை சொல்லுது. முதல் முறைல 800 அடிக்கு மேல இன்ஜின் விசையைக் குறைச்சு, 3,000 அடி வரைக்கும் ஃப்ளாப்பை மடிக்காம மேல ஏறிடணும். ரன்வேக்குப் பக்கத்து ஊருக்கு இது நல்லது. ரெண்டாவது முறைல ஏறும்போதே வேகம் பிடிச்சு ஃப்ளாப்பை மடிப்பாங்க. தள்ளி இருக்கிற ஊருக்கு அது நல்லது.

இங்கதான் சங்கடம். சத்தம் காணாமப் போகாது, இடம் மாறும். அனகாபுத்தூர்ல குறைஞ்சா இன்னும் தள்ளி இருக்கிற யாரோட வீட்டுலயோ கூடலாம். அவங்களுக்கும் ஒரு அத்தை இருப்பாங்க.

அதனால மனுவை மாத்தினேன். "சத்தத்தை நிறுத்துங்க"ன்னு எழுதல. "விடியற்காலை எந்த முறைல ஏறுறீங்க? ரெண்டு முறைலயும் ரெண்டு இடத்துலயும் சத்தத்தை அளந்து, முடிவை ஊருக்குச் சொல்லுங்க"ன்னு எழுதினேன். அத்தை படிச்சுப் பார்த்துட்டு, "இதுக்கு அவங்க பதில் சொல்லித்தானே ஆகணும்"னாங்க.

உங்க தெரு மேல போற விமானத்தையும் கணக்கு பாருங்க. அழுத்தத்தைக் கழிக்க மறக்காதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.