கூறு போடுமுன் ஈரலைப் பாருங்கள்

(திண்டிவனம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் தீபாவளிக்கும், காணும் பொங்கலுக்கும், ஆடி மாதத்து அம்மன் திருவிழாவுக்கும் கூறுக் கறி போடும் வழக்கத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பத்துக் குடும்பத்தார் பணம் சேர்த்து ஒரு கிடாவை வாங்குகிறார்கள். விடியுமுன் வேப்பமரத்தடியில் அதை அறுத்து, பனையோலை விரித்துப் பத்துக் கூறு வைக்கிறார்கள். ஈரல், நுரையீரல், குடல், சுவரொட்டி ஆகிய எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு ஒவ்வொரு கூறிலும் விழ வேண்டும். விழாவிட்டால் பங்காளிச் சண்டை வரும். அரை மணி நேரத்திற்குள் கறி பத்து வீட்டு அடுப்பிற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறோம். நகரத்து இறைச்சிக் கூடத்தில் கால்நடை மருத்துவர் ஆட்டை உயிரோடு ஒரு முறையும், அறுத்த பின் ஒரு முறையும் பார்த்து முத்திரையிட வேண்டும் என்பது விதி. வேப்பமரத்தடிக்கு முத்திரையோடு எவரும் வருவதில்லை. அங்கே உள்ளுறுப்புகளைப் பார்க்கக் கூடியவர்கள் கத்தி பிடித்தவரும் சுற்றி நிற்கும் பங்குக்காரர்களுமே ஆவர். அவர்களும் பார்ப்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறார்கள். வெட்டிக் கலந்த பின்னர் ஈரலில் கட்டி இருந்ததா, நுரையீரலில் சீழ் இருந்ததா என்று ஆராய்வது இயலாத காரியம்.

இந்த மண்ணுக்கு இறைச்சி உணவு புதியதன்று. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் முதலான ஊர்களை உடைய ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, எயினர் குடியில் சோற்றோடு ஆமான் சூட்டிறைச்சி கிடைக்கும் என்று பாணனுக்கு வழி சொல்கிறது. வேட்டையாடி உண்ட காலம் அது. வேட்டைக்கு உரிமம் வழங்கும் மேல்நாடுகளில் இன்றும், மானை வீழ்த்தியவர் அதன் ஈரலையும் நுரையீரலையும் மண்ணீரலையும் புரட்டிப் பார்த்த பின்பே இறைச்சியை வெட்ட வேண்டும் என்று பயிற்சி அளிக்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். சாலையில் வண்டி மோதி மான் இறந்து கிடந்தாலும் அதைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லியனுப்புவதே முறை. ஆனால் அந்த வேட்டைக்காரர்களின் பழக்கம் நம் ஆட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் கத்தியை எடுக்கவே கூடாத சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நேற்று மாலை வரை மேய்ந்த ஆடு காலையில் பட்டியில் செத்துக் கிடக்கிறது. அல்லது நின்ற நிலையில் நடுங்கி விழுந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாக உறையாத இரத்தம் கசிகிறது. வயிறு விரைவில் உப்புகிறது. இது அடைப்பான் நோயாக இருக்கலாம். இந்த ஆட்டை அறுக்கக் கூடாது. தோலை உரிக்கக் கூடாது. காரணம் பார்க்கிறோம் என்று வயிற்றைக் கீறவும் கூடாது. உடலுக்குள் இருக்கும் வரை எளிதில் அழியக்கூடிய இந்நோய்க் கிருமி, வெளிக்காற்றுப் பட்டதும் கடினமான விதைபோல் மாறிவிடுகிறது. அந்த விதை மண்ணில் பல்லாண்டு கிடக்கும். ஸ்காட்லாந்தை அடுத்த குருயினார்டு என்னும் சிறு தீவில் 1942ஆம் ஆண்டு போர்க்கால ஆராய்ச்சிக்காக இக்கிருமியைச் செம்மறியாடுகளின் மேல் பரப்பினார்கள். 1986ஆம் ஆண்டு மருந்து தெளித்து மண்ணைத் தூய்மை செய்து, 1990ஆம் ஆண்டில்தான் அத்தீவு அபாயமற்றது என்று அறிவித்தார்கள். ஒரு தீவு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆளற்றுக் கிடந்ததென்றால், நம் மேய்ச்சல் தரை என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இது எங்கோ நடந்த கதையன்று. நமக்கு அண்மையில் உள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அடைப்பான் கண்ட மனிதர்கள் சிகிச்சை பெற்றதை 2000ஆம் ஆண்டையொட்டி மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. தோலில் பட்டால் வலியில்லாத கொப்புளம் தோன்றி, நடுவில் கரி போன்ற புண்ணாகும். உடனே மருத்துவரிடம் சென்றால் மருந்தில் குணமாகும். இறைச்சி வழியாக வயிற்றுக்குள் போனாலோ, மூளையைத் தாக்கினாலோ உயிருக்கே கேடு. நன்றாக வேகவைத்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்த ஒரு நோயில் அந்தச் சொல்லை நம்ப வேண்டாம்.

அறிவுரை சொல்வது எளிது; ஆட்டை இழந்தவர் நிலை வேறு. நாம் அறிந்த ஒரு சிற்றூரில், ஐந்தாறு ஆடுகளை வைத்துப் பிழைக்கும் அம்மையார் ஒருவரின் பெட்டையாடு விடியற்காலையில் விழுந்து இறந்தது. அக்கம்பக்கத்தார் இரக்கப்பட்டே, பாதி விலைக்கு எடுத்துக் கூறு போட்டுக்கொள்கிறோம் என்று முன்வந்தார்கள். வார்டு உறுப்பினரான இளைஞர் ஒருவர் மட்டும், மருத்துவர் வரும் வரை கை வைக்கக் கூடாது என்று குறுக்கே நின்றார். அந்த அம்மையார் அழுதார். ஊரார் இளைஞரை ஏசினார்கள். மருத்துவர் வந்து காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்ததில் அடைப்பான் இல்லை என்று தெரிந்தது. பிறகே உடலை அறுத்துச் சோதித்து, துள்ளுமாரி என்று முடிவு செய்தார். “வீணாகக் கறியைப் புதைத்தாயே” என்று சிலர் அன்று மாலை வரை நகைத்தார்கள். ஆனால் அந்தச் சோதனையால்தான் மீதியிருந்த ஆடுகளின் மேய்ச்சலை மாற்றித் தடுப்பூசியும் போட முடிந்தது. அவற்றில் ஒன்றும் சாகவில்லை.

இங்கே ஊராட்சி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செம்மறியாட்டிற்கும் வெள்ளாட்டிற்கும் தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் மானியத்துடன் காப்பீடு செய்து கொள்ள இடமிருக்கிறது. இழப்பீடு கோருவதற்குக் காதில் வில்லையும், மருத்துவர் தரும் சான்றும் வேண்டும். செத்த ஆட்டைக் கூறு போட்டுவிட்டால் சான்று யாருக்குத் தருவது? பாதி விலையை எண்ணி முழு இழப்பீட்டைக் கைவிடுவதாக முடியும். இதனைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லி, ஆடு வைத்திருப்போர் பெயர்களை எழுதிக் கால்நடை மருந்தகத்தில் சேர்ப்பிக்கலாம். அவசரத்திற்கு 1962 என்ற எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவியைப் பெறலாம்.

இனி, நலமாக இருக்கும் ஆட்டிற்கு வருவோம். செஞ்சி வெள்ளிச் சந்தையில் பிடித்துவரும் ஆடு எந்தப் பட்டியில் வளர்ந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே முதல் நாளே கொண்டுவந்து, தண்ணீர் மட்டும் காட்டி நிழலில் கட்டுங்கள். அசை போடுகிறதா, மூக்கில் சளி ஒழுகுகிறதா, கழிகிறதா, வாயில் புண் உண்டா, தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்குகிறதா என்று பாருங்கள். மந்தமாக நிற்பதையும் காய்ச்சல் காண்பதையும் அன்று அறுக்க வேண்டாம். அண்மையில் ஊசி போட்ட ஆடென்றால், மருந்து உடலைவிட்டு நீங்க எத்தனை நாள் ஆகும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுத்ததும் குடலைக் கிழிக்காமல் உறுப்புகளை வெளியே எடுத்து, தலையோடு சேர்த்துத் தூய்மையான தட்டில் அப்படியே முழுதாக வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும்; டார்ச் விளக்கில் நிறம் சரியாகத் தெரியாது. விடியட்டும்.

ஈரலே முதலில் பார்க்க வேண்டியது. ஆட்டின் வரலாறே அதில் எழுதியிருக்கும். நல்ல ஈரல் ஒரே சீரான செம்பழுப்பு நிறமும், வழவழப்பும், கூரிய விளிம்பும் உடையது. முன்னும் பின்னும் புரட்டி, விரலால் அழுத்திப் பாருங்கள். உட்புறத்தில் பித்தக் குழாய்கள் வெண்மையாகத் தடித்துக் கயிறு போலத் தோன்றினால், அவற்றைக் குறுக்கே வெட்டி அமுக்குங்கள். இலை போன்ற தட்டைப்புழு வெளிவரும். வீடூர் அணைக்குக் கீழும், ஏரி வற்றும் மாதங்களில் ஏரி உட்புறத்துப் பசும்புல்லிலும் மேயும் ஆடுகளுக்கு இது வருவது இயல்பு. நத்தையின் உடலில் வளரும் குஞ்சுப்புழு அந்தப் புல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறிது கெட்டிருந்தால் அந்தப் பகுதியை நீக்குங்கள். நிறையக் கெட்டிருந்தால் ஈரல் முழுவதையும் தள்ளுங்கள். உடல் நீர் கோக்காமல், மெலியாமல் இருந்தால் மற்றைய கறிக்குக் குற்றமில்லை. ஆட்டின் சொந்தக்காரருக்கு மட்டும் சொல்லியனுப்புங்கள். அவருடைய பட்டி முழுவதற்கும் குடற்புழு மருந்து தேவைப்படும்.

ஈரலிலோ நுரையீரலிலோ நெல்லிக்காய் அளவு முதல் எலுமிச்சை அளவிற்கு மேலும், வெண்மையான தடித்த தோலோடு தெளிந்த நீர் நிறைந்த கட்டி இருந்தால், அதை உடைக்காதீர்கள். குடலைப் போர்த்திய கொழுப்புச் சவ்வில் மெல்லிய நீர்ப்பை தொங்குவதும் உண்டு. இவையெல்லாம் நாயின் வயிற்றில் வாழும் நாடாப்புழுக்களின் குஞ்சுப் பருவங்கள். இவற்றுள் தடித்த தோலுடைய நீர்க்கட்டியே நமக்குப் பகை. வியப்பு என்னவெனில், அந்த ஈரலைச் சமைத்துத் தின்பவருக்கு அதனால் நோய் வருவதில்லை. அதை வெட்டி நாய்க்கு வீசுகிறோமே, அங்கேதான் கேடு தொடங்குகிறது. நாயின் குடலில் அரிசி மணியளவே உள்ள ஆயிரக்கணக்கான புழுக்கள் வளர்கின்றன. அவற்றின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும், கீரைப் பாத்தியிலும், தெருப் புழுதியிலும் கலக்கின்றன. புல்லைத் தின்ற ஆட்டிற்கு மறுபடியும் கட்டி. புழுதியில் விளையாடிக் கை கழுவாமல் உண்ட குழந்தைக்கும் அதே கட்டி. குழந்தையின் ஈரலில் அது ஓசையின்றிப் பல ஆண்டு வளர்ந்து, கடைசியில் அறுவை மருத்துவத்தில் வந்து நிற்கும்.

ஐஸ்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் இந்நோய் மிகுந்திருந்தது. 1863ஆம் ஆண்டு அங்குச் சென்ற டேனிஷ் அறிஞர் ஹரால்டு கிராபே நாய்களை அறுத்துப் பார்த்ததில், கால்பங்கிற்கும் மேற்பட்டவற்றில் இப்புழுவைக் கண்டார். மறு ஆண்டே எளிய நடையில் ஒரு சிறு நூல் எழுதி, வீடுதோறும் கொடுக்கச் செய்தார்கள். கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, எரித்துவிடு அல்லது புதைத்துவிடு என்பதே அதன் சாரம். பின்னர் நாய்களுக்கு மருந்து கொடுக்கச் சட்டமும் வந்தது. இரண்டு மூன்று தலைமுறைகளில் அந்நாட்டை விட்டு நோய் அகன்றது. பெரிய மருத்துவமனையால் ஆன காரியமன்று. ஆட்டை அறுக்கும் இடத்தில் ஆன காரியம்.

நுரையீரல் இளஞ்சிவப்பாகப் பஞ்சு போல் இருக்க வேண்டும். கருஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்ட துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். நல்ல நுரையீரல் மிதக்கும். நெறிக்கட்டிகளை வெட்டும்போது வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகச் சீழ் கண்டால், அந்தப் பகுதியைச் சுற்றிலும் அகலமாக நீக்குங்கள். இத்தகைய கட்டிகள் பல உறுப்புகளில் பரவியிருந்தாலும், கொழுப்பு முழுவதும் மஞ்சள் காமாலை நிறமாக இருந்தாலும், கறியெல்லாம் நீர் ஊறிப் பிசுபிசுத்தாலும் ஆடு முழுவதையும் கைவிடுவதே நலம். சுவரொட்டி எனப்படும் மண்ணீரலை மறவாதீர்கள். அது மெல்லியதாக, கூரிய விளிம்போடு இருக்கும். இருமடங்கு மும்மடங்கு வீங்கி, கீறினால் தார் போலக் கறுத்து வழிந்தால் அந்த இடத்திலேயே கத்தியை வைத்துவிட்டு, நாய், காகம் அண்டாமல் மூடி, சோப்புப் போட்டுக் கை கழுவி மருத்துவரை அழையுங்கள். கத்தியையும் உடுத்தியிருந்த துணியையும் வீட்டிற்குக் கொண்டுபோக வேண்டாம்.

கறி போயிற்றே என்ற மனத்தாங்கல் பத்துக் குடும்பத்திற்கும் இருக்கும். அதனால் ஒரு யோசனை சொல்கிறோம். ஆடு வாங்கும்போதே, கெட்டால் நட்டத்தைப் பத்துப் பேரும் சமமாக ஏற்பது என்று பேசி வைத்துக்கொண்டால், அறுப்பவர் கண்டதைத் தயங்காமல் சொல்வார். கூலிக்கு அறுப்பவர் தம் கூலி போய்விடும் என்று அஞ்சி வாய் திறவாமல் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். குறை கண்டு சொன்னவருக்கும் கூலி உண்டு என்பதை முன்னரே தெரிவித்துவிடுங்கள்.

பொது இறைச்சிக் கூடம் அமைத்துக் கட்டணம் பெற 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இடந்தருகிறது. கட்டடம் எழுப்பும் வசதி இல்லாத ஊராட்சி, ஊருக்கு வெளியே ஒரு சிமெண்டு மேடை, ஆட்டைத் தொங்கவிட இரும்புக் கொக்கி, ஒரு தண்ணீர்க் குழாய், கழிவிற்கு ஒரு குழி ஆகியவற்றோடு தொடங்கலாம். குழியைக் கிணற்றிற்கும் ஏரிக்கும் எட்டத்தில், வெள்ளம் தேங்காத மேட்டில் வெட்ட வேண்டும். தள்ளிய ஈரலும் குடலும் விழுந்ததும் மண் தள்ளி மூடுங்கள். அடைப்பானில் இறந்த ஆட்டை இந்தக் குழியில் போடக் கூடாது. மருத்துவர் காட்டும் இடத்தில் ஆறடி ஆழத்தில் தனியாகப் புதைத்து, மேலே முள் வேலியிட்டு, அங்கே மேய்ச்சல் கூடாதென்று ஊரில் அறிவிக்க வேண்டும். கழிவுக் குழியின் மூடி கல்லாகவே இருக்கட்டும். பலகை மூடியை நாய்கள் ஓர் இரவில் புரட்டிவிடும்.