சங்கு ஓய்ந்த பிறகு



நகரங்கள் எப்படி வளர்கின்றன, எப்படித் தேய்கின்றன, தேய்ந்தவை மறுபடி எப்படித் துளிர்க்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். உலகம் முழுவதையும் சுற்றிவர ஆசைதான். ஆனால் கிடைத்திருக்கும் நேரத்தில் நான் நடந்து பழகிய ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன், எனக்கும் நிறைவு. நடு மும்பையில் பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா என்று அடுத்தடுத்துக் கிடக்கிற பகுதி அது. மராத்தியில் கிர்ண்காவ் என்பார்கள், ஆலைகளின் ஊர். நகரமைப்புப் பாடம் நடத்துகிறவன் நான். மாணவர்களை அங்கே அழைத்துப் போகாத ஆண்டு எனக்கு ஆண்டாகவே தோன்றாது.

வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1853-ல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் ஓடியது. மறு ஆண்டே காவஸ்ஜி டாவர் என்ற பார்சி வணிகர் நூற்பாலைக்கு ஒரு கம்பெனி தொடங்கினார். 1856-ல் அந்த ஆலை நூல் நூற்றது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தவித்தன, நம் பருத்திக்கு விலை எகிறியது, பம்பாயில் பணம் குவிந்தது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்து பெரிய பெரிய வணிகர்கள் திவாலானார்கள். ஆனாலும் ஊர் ஓயவில்லை. பணம் ஆலைகளுக்குள் போனது. கடலோரத்து ஈரக் காற்றும் கைகொடுத்தது. காற்று காய்ந்திருந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பது நூற்பாலையில் வேலை பார்த்த நேயர்களுக்குத் தெரியும்.

ஆலைக்கு ஆள் வேண்டுமே? ரத்னகிரியிலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள் மட்டும் வந்தார்கள். குடும்பம் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டது. இப்படி வந்தவர்கள் தங்கிய இடம்தான் சால். நீளமான நடை, நடையோரம் வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை. இந்தச் சால்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை என் மாணவர்கள் ஓர் அறையை அளந்து படம் போட்டார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு மூலையில் அங்கணம், மேலே பரண், சுவரோரம் அடுப்பு. அந்த அறையில் பல காலம் கானாவள் நடத்திய மூதாட்டி ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார். கானாவள் என்றால் நம் ஊர் மெஸ்தான். தனியாக வந்த தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் வீட்டிலேயே சமைத்துப் போடுவது. பார்த்துவிட்டு, “இது எந்த நேரத்துப் படம்?” என்று கேட்டார். “அறைக்கு நேரம் ஏது ஆஜி?” என்றாள் ஒரு மாணவி.

பாட்டி தரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். காலைச் சங்கு ஊதியதும் முதல் ஷிப்டுக்காரர்கள் கிளம்புவார்கள். அவர்கள் சுருட்டி வைத்த பாயை, இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் விரிப்பார்கள். அவர்கள் கால்மாட்டில்தான் மாவு பிசைய வேண்டும். நண்பகலில் தூங்குகிறவர்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பந்தி. இரவானால் அறையில் சிலர், நடையில் சிலர், மொட்டைமாடியில் மிச்சப் பேர். அவரவர் தகரப் பெட்டி மட்டும் இரவு பகல் இடம் மாறாது. பெட்டியை நகர்த்தினால் சண்டை வரும்.

மாணவர்கள் அன்று மாலை உட்கார்ந்து அந்த அறையை நான்கு முறை வரைந்தார்கள். விடியல், நண்பகல், மாலை, நள்ளிரவு. ஒரே சுவர், ஒரே கதவு, நான்கு வெவ்வேறு வீடுகள். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் நான் முதலில் காட்டுவது அந்தப் படங்களைத்தான். நெரிசல் என்று ஒரே சொல்லில் நாம் ஒதுக்கிவிடுகிற இடத்தில் எவ்வளவு நுட்பமான ஏற்பாடு இருந்திருக்கிறது, பாருங்கள்!

கானாவள் நடத்திய பெண்களின் உழைப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம் வந்த பிறகுதான் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பணம் தருவார்கள். அதுவரை அரிசிக்கும் பருப்புக்கும் இந்தப் பெண்கள் வட்டிக்கு வாங்கினார்கள். 1975-ல் பிரேமா புராவ் என்ற தொழிற்சங்கப் பெண்மணி அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பைத் தொடங்கினார். வங்கிக் கடன் அவர்கள் கைக்கு வந்தது. ஒரு நகரத்தின் தொழிலைக் கணக்கெடுக்கும்போது கதிர்களை எண்ணுகிறோம், தறிகளை எண்ணுகிறோம்; இந்த அடுப்புகளையும் எண்ணவேண்டும் என்பது என் எண்ணம். அவை இல்லாமல் ஒரு தறியும் ஓடியிருக்காது.

இனி, தேய்ந்த கதை. 1982 ஜனவரி 18 அன்று, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறையான அறிவிப்பு வரவே இல்லை. வேலைநிறுத்தமே ஆலைகளைக் கொன்றது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிகள் குறைந்த கூலியில் துணி நெய்யத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. பல ஆலைகளில் எந்திரங்கள் பழையவை; புதுப்பிக்கப் போதிய பணம் போடவில்லை. அதற்குள் ஆலை நின்ற மண்ணின் விலை ஆலையின் லாபத்தைத் தாண்டிவிட்டது. அப்புறம் யாருக்கு நூல் நூற்க மனம் வரும்?

அந்த மண் கொஞ்சநஞ்சமல்ல, ஏறத்தாழ 600 ஏக்கர். நகரத்தின் நட்டநடுவில். 1991-ல் அரசு ஒரு நல்ல விதி போட்டது. ஆலை நிலத்தை விற்றுக் கட்டலாம். ஆனால் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவுக்கும் பொது வசதிக்கும். இன்னொரு பங்கு எளியவர்கள் வாழும் வீடுகளுக்கு. மூன்றாவது பங்கு உரிமையாளருக்கு. 1996-ல் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு இந்த நிலம் முழுவதையும் ஒன்றாக வைத்துத் திட்டமிடலாம் என்று வழிகாட்டியது. நடந்தது வேறு. 2001-ல் விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி இடத்தில் மட்டும் பங்கு கொடுத்தால் போதும் என்றானது. ஆலை என்பதே கட்டடம்தானே நேயர்களே, அதில் காலியிடம் எவ்வளவு இருக்கும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2006-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

பிறகு கோபுரங்கள் எழுந்தன. பீனிக்ஸ் மில் மாலாயிற்று. பூட்டிய ஆலை வளாகங்களில் வங்கிகளும் விளம்பர நிறுவனங்களும் வந்தன. நகரம் மீண்டது என்று எழுதினார்கள். வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி நடந்ததோ ஆலைத் தொழிலாளர் காலத்து ரயில் நிலையங்களில். 2017 செப்டம்பர் 29 காலை, மழை. எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைத்த குறுகலான நடைபாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் மாண்டார்கள். பிறகு ராணுவம் வந்து புதிய பாலம் கட்டிக்கொடுத்தது. அதற்கு முன்பு அந்தப் பழைய பாலத்தில் மாணவர்களோடு பலமுறை ஒட்டி உரசி நடந்தவன் நான். அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து எந்தத் திட்ட வரைபடத்தை யார் கொண்டுவந்தாலும், மக்கள் இறங்கி நடக்கும் பாதை எது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வழியை முதலில் யோசித்த நகரமும் உண்டு; ஸ்பெயினின் பில்பாவோவைப் பாருங்கள். கப்பல் கட்டும் தளங்கள் மூடிப்போன அந்தத் துறைமுக நகரம், 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தால் எழுந்தது என்பார்கள். அதற்கு முன்பே அங்கே ஆற்றில் சாக்கடை கலக்காமல் தடுக்கும் பெரும் வேலை தொடங்கிவிட்டது. 1995-லேயே மெட்ரோ ஓடியது. நீரும் வழியும் முன்னால், அழகு பின்னால். நம் கோவையிலும் மில்கள் மூடின, நிலுவைக்காகக் காத்துக் கிடந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் மில் எந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்து கை தேர்ந்த பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பம்புக்கும் மோட்டாருக்கும் வெட் கிரைண்டருக்கும் மாறிக்கொண்டன. மண்ணுக்கு விலை வருவதைவிடக் கைக்கு வேலை வருவதையே நான் ஒரு நகரம் மீண்டதற்கு அடையாளமாகக் கொள்கிறேன்.

கிர்ண்காவில் அந்தக் கைகளுக்கு என்ன கிடைத்தது? 2012-ல் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் 6,925 வீடுகள் குலுக்கலில் வந்தன. விண்ணப்பம் போட்டவர்கள் லட்சத்துக்கும் மேல்.

நேரம் நெருங்கிவிட்டது. அண்மைச் செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1920-களில் அரசே கட்டிய பி.டி.டி. சால்கள் வொர்லியிலும் நாய்காவிலும் உண்டு. 160 சதுர அடி அறைகள். இப்போது அவற்றை இடித்து, அங்கேயே குடியிருந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு கட்டித் தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி வாங்கின. சொந்தத் தெருவை விட்டு யாரையும் துரத்தாமல் நடக்கிற வேலை இது, மனதார வரவேற்கிறேன். ஆனால் உயரக் கட்டடத்தின் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் மாதாமாதம் பணம் கேட்பவை. அந்தச் செலவை யார், எத்தனை காலம் தாங்குவார்கள் என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டுத் தொலைவில் உள்ள விராருக்கும் பத்லாபூருக்கும் போகிற குடும்பங்களைத்தான் பார்ப்போம். இன்னும் பத்தாண்டு கழித்து என் மாணவர்கள் அங்கே அளவுநாடாவோடு போகும்போது, அதே பெயர்ப்பலகைகள் அதே கதவுகளில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.