சங்கிலி இல்லாத வீடு

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள்.

நல்ல காப்பகத்தை எப்படி அடையாளம் காண்பது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. அவரவர் சொந்த உடையை உடுத்த விட வேண்டும். சத்தான சாப்பாடும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். வேலை வாங்கினால் கூலி தர வேண்டும்.

இப்படிப்பட்ட பராமரிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தில் இருக்கிறது. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு அங்கும் பணி செய்கிறது. அதன் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராக, ஊருக்குள் சாதாரண வீட்டில் குடியிருக்கிறார்கள். துணைக்குப் பணியாளர் உண்டு. இன்றைக்கு என்ன குழம்பு என்பதை அவர்களே முடிவு செய்யலாம். கடைக்கும் கோயிலுக்கும் போய் வரலாம்.

உங்கள் உறவினர் காப்பகத்தில் இருந்தால், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். படுக்கையைப் பாருங்கள், கழிப்பறையைப் பாருங்கள், அவரோடு தனியாகப் பேசுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது.