சின்னத் தோட்டத்துக்கு எந்த டிராக்டர்?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மஞ்சள் வெட்டி நாலு காசு கையில் புரள்கிற மாசி, பங்குனியில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க, நாலஞ்சு ஏக்கராத்தான் இருக்குது. ஏர்மாடு வெச்சுக் கட்டுபடியாகலைங்க. வாடகை டிராக்டர் கூப்பிட்ட நேரத்துக்கு வர மாட்டேங்குது. சின்ன டிராக்டரா ஒண்ணு வாங்கிப் போட்டா என்னங்க?"

நியாயமான கேள்வி. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் சேற்றுழவு ஓட்டியாக வேண்டும். ஊரில் இருக்கிற இரண்டு மூன்று பெரிய டிராக்டரும் பெரிய பண்ணைக்குத்தான் முதலில் போகும். கால் ஏக்கர் வயல், அரை ஏக்கர் வயல்காரர் நாற்றை முற்ற விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 எக்டேர்; அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆகவே இது ஒருவர் இருவர் பிரச்சினை அல்ல.

சின்ன டிராக்டர் என்று நான் சொல்வது 15 குதிரைத் திறனிலிருந்து 30 குதிரைத் திறன் வரை உள்ளவற்றை. எடை சுமார் 650 கிலோவிலிருந்து 1,100 கிலோ வரை இருக்கும். நாம் ரோட்டில் பார்க்கிற பெரிய டிராக்டர் இரண்டு டன்னைத் தொடும். கம்பெனிப் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைக்குப் போவது அப்புறம்.

டிராக்டர், ரோட்டவேட்டர், கொத்துக்கலப்பை எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் உழைக்கும், கடைசியில் பத்தில் ஒரு பங்கு விலைக்குப் போகும் என்றால், தேய்மானம் மட்டும் வருஷத்துக்கு 54,000 ரூபாய். முடங்கிய பணத்துக்கு வட்டி, சராசரியாக 3,30,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் 33,000. இன்சூரன்ஸ், கொட்டகை என்று ஒரு 10,000. ஆக மொத்தம் 97,000 ரூபாய். வண்டி ஓடினாலும் சரி, கொட்டகையில் கோழி ஏறி உட்கார்ந்திருந்தாலும் சரி, இந்தச் செலவு உண்டு.

ஓட்டுகிற செலவு தனி. மணிக்கு இரண்டு லிட்டர் டீசல், லிட்டர் 95 ரூபாய் என்றால் 190 ரூபாய். ஓட்டுகிறவர் கூலி 100. நீங்களே ஓட்டினாலும் உங்கள் உழைப்புக்குக் கூலி எழுதத்தான் வேண்டும். ஆயில், ரிப்பேர் 60. ஆக 350 ரூபாய். வருஷத்துக்கு 200 மணி நேரம் ஓட்டினால் மணிக்கு மொத்தச் செலவு 835 ரூபாய். 500 மணி நேரம் ஓட்டினால் 544 ரூபாய்.

"வாடகை வண்டி மணிக்கு 1,100 கேக்குறானுங்க, இது லாபம்தானே?" என்று சொல்லிவிடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றடி ரோட்டவேட்டர் மாட்டிய சின்ன டிராக்டர் ஒரு ஏக்கர் ஓட்ட ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஐந்தடி ரோட்டவேட்டர் மாட்டிய பெரிய வண்டி ஒரு மணி, ஒன்றேகால் மணியில் முடித்துவிடும். ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு ஏக்கர் கணக்குக்கு வாருங்கள். சொந்த வண்டியை 200 மணி நேரம்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் ஏக்கருக்கு 1,840 ரூபாய் போல ஆகிறது. 500 மணி ஓட்டினால் 1,200 ரூபாய். வாடகை வண்டிக்கும் ஏக்கருக்கு அதே 1,200 ரூபாய்தான். அதாவது 500 மணி நேரம் ஓடினால்தான் வாடகைக்குச் சமமாகவே நிற்கிறது.

ஐந்து ஏக்கர்காரருக்கு உழவு வேலை எத்தனை மணி நேரம் இருக்கும்? ஒரு பயிருக்கு மூன்று தடவை, வருஷத்துக்கு இரண்டு பயிர் என்றால் மொத்தம் 30 ஏக்கர் உழவு. மணிக்கணக்கில் 66 மணி நேரம்! மீதி நாள் முழுவதும் வண்டி சும்மா நிற்கும். தவணை மட்டும் நிற்காது. நாலு ஏக்கர் வைத்துக்கொண்டு 45 குதிரைத் திறன் வண்டியைக் கடனில் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வயலில் அது திரும்பவே பாதி வயல் வேண்டும். மூன்றாம் வருஷம் தவணைக்காக வீட்டிலிருந்த நகை அடகுக்குப் போயிற்று. நிலத்தை உழ வாங்கின வண்டிக்காக நிலத்தையே விற்கிற நிலை நம் யாருக்கும் வர வேண்டாம்.

அப்படியானால் சின்ன டிராக்டர் யாருக்குத்தான் லாபம்? பெரிய வண்டி நுழைய முடியாத பயிர் வைத்திருக்கிறவர்களுக்கு. அங்கே நீங்கள் ஒப்பிட வேண்டியது வாடகை டிராக்டரோடு அல்ல. களைவெட்டு ஆள் கூலியோடு. ஆறடிக்கு ஆறடி வாழையில் மூன்றரை அடி அகல வண்டி தாராளமாகப் போகும். இலை விரிந்து மூடுகிற வரைக்கும் முதல் மூன்று நான்கு மாதம் களை எடுக்கவும் மண் அணைக்கவும் அதை வைத்தே சமாளிக்கலாம். இணை வரிசையில் நட்ட மல்பெரியில் ஐந்தடி இடைவெளி இருக்கிறது, அதிலும் ஓட்டலாம். அகலப் பாரில் நட்ட கரும்பு, தென்னையில் ஊடுபயிர், எல்லாவற்றுக்கும் உதவும். மஞ்சளுக்கு நிலம் தயாரிக்கலாம், பார் கட்டலாம். நட்ட பிறகு ஒன்றரை அடிப் பாருக்குள் எந்த டிராக்டருக்கும் வேலை இல்லை. மஞ்சள் வெட்டுகிற கருவியை இறுகிய மண்ணில் இழுக்கவும் பெரிய வண்டிதான் வேண்டும். அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி சின்னதாக இருக்கிறதே என்று மரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தில்தான் உரம் எடுக்கிற வேர்கள் நிறைய இருக்கின்றன. ரோட்டவேட்டர் கத்திக்கு அது வேர் என்று தெரியாது.

ஆகவே நான் சொல்வது, கடைக்குப் போகும் முன் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்து பாருங்கள். வரிசை இடைவெளி எவ்வளவு, வரப்போரம் திரும்ப எத்தனை அடி விடலாம், தோட்டத்துக்குள் நுழையும் தடம் எவ்வளவு அகலம், தாழ்ந்த மட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் அகலத்தை டயரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். ரோட்டவேட்டர் டயர்த் தடத்தை மூடுகிற அகலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டயர் அமுக்கிய மண் அப்படியே கெட்டியாகக் கிடக்கும். தோப்புக்குள் ஓட்டுகிறவர்கள் புகைக்குழாய் மேலே நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் போகிற வண்டியாகப் பார்க்கலாம்.

இனி குதிரைத் திறன். விளம்பரத்தில் எழுதியிருப்பது என்ஜின் சக்தி. கருவியைச் சுழற்றுகிற பி.டி.ஓ. தண்டுக்கு வருவது அதில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குதான். கலப்பையை இழுக்கிற சக்தி அதைவிடக் குறைவு. உழுத மண்ணில் இன்னும் குறையும். 20 குதிரைத் திறன் வண்டி என்றால் பி.டி.ஓ.வில் 17, இழுவையில் 12 வந்தாலே நல்லது. எருமை வாங்கும்போது மடியைப் பார்த்து மட்டும் விலை பேசுவோமா? கறந்து பார்த்துத்தானே பேசுவோம்! அந்த மாதிரி கறந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த வண்டிக்கு அறிக்கை உண்டு. பி.டி.ஓ. சக்தி, இழுவைச் சக்தி, டீசல் செலவு எல்லாம் அதில் இருக்கும். "அந்த அறிக்கையைக் காட்டுங்க" என்று டீலரிடம் கேளுங்கள். தயங்குகிறார் என்றால் நீங்களும் தயங்குங்கள்.

15, 18 குதிரைத் திறன் வண்டி மூன்றடி ரோட்டவேட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாலடி வேண்டுமென்றால் 25-க்கு மேல் போக வேண்டும். கருங்கண் மண் பூமிக்கு, செம்மண் பூமியைவிட ஒரு படி கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியா, பின் சக்கரம் மட்டுமா? மேட்டு நிலத்தில் களை எடுப்பதும் எரு ஏற்றுவதும்தான் வேலை என்றால் இரண்டு சக்கர இழுவையே போதும், விலையும் குறைவு. சேற்றுழவு உண்டு, அல்லது நிலம் சரிவு என்றால் நான்கு சக்கர இழுவைக்குக் கொடுக்கிற பணம் வீண் போகாது. எடை குறைந்த வண்டி நெல் வயலில் அமிழ்வதும் குறைவு, அடிமண்ணை இறுக்குவதும் குறைவு. ஆனால் சேற்றில் ஓட்டுகிறவர்கள் முன் அச்சின் ஆயில் சீல் நல்லதா என்று பார்க்கணும். உள்ளே சேற்றுத் தண்ணீர் இறங்கிவிட்டால் பல் சக்கரம் போச்சு. தார் ரோட்டில் முன் இழுவையைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள்; இல்லாவிட்டால் முன் டயர் சீக்கிரம் தேயும்.

ஒரு சிலிண்டர் வண்டி அதிரும், சத்தம் போடும். ஆனால் உங்கள் ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். மூன்று சிலிண்டர் வண்டி சுகமாக ஓடும். சாமான் விலை கூடுதல். எதுவானாலும் ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை மைலில் கிடைக்கும் என்று கேளுங்கள். நடவு சமயத்தில் ஒரு பெல்ட்டுக்காக நான்கு நாள் நிற்கிற வண்டி, எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தால்தான் என்ன?

முழுக்க நெல் மட்டும் போடுகிறவர்களுக்குப் பவர் டில்லர் மலிவு. ஆனால் இரண்டடி அகலக் கருவியின் பின்னால் ஒரு ஏக்கருக்கு ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயதையும் முழங்காலையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

பங்காளிகள், அண்டைத் தோட்டத்துக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவது கணக்குக்குப் பொருந்தி வருகிறது. சண்டை வராமல் இருக்க ஒரே வழி, வண்டியில் இருக்கிற மணி மீட்டரை எடுக்கும்போதும் விடும்போதும் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான். டீசல் அவரவர் பாடு. தேய்மானத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று பொதுப் பணத்தில் போட்டுவிட வேண்டும். யார் முதலில் உழுவது என்பதை வாய்க்கால் திறப்பதற்கு முன்பே சீட்டுப் போட்டு முடிவு செய்துவிடுங்கள். திறந்த பிறகு பேசினால் அண்ணன் தம்பி என்று பார்க்க மாட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி முனையோ சேலை முந்தானையோ மாட்டினால் கத்துவதற்குக்கூட நேரம் இராது. அந்தத் தண்டின் மூடியைக் கழற்றி மூலையில் போடாதீர்கள். குழந்தைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டாதீர்கள். சின்ன வண்டி லேசானது, குட்டையானது என்ற தைரியத்தில் வரப்பில் ஏற்றுகிறார்கள், புரளும். வண்டி புரண்டாலும் ஓட்டுகிறவரை நசுக்காமல் தாங்குகிற இரும்பு வளைவும் சீட் பெல்ட்டும் உள்ளதாக வாங்குங்கள். தோப்புக்குள் மடக்கிக்கொள்ளும்படியாகவும் அந்த வளைவு கிடைக்கிறது. நம் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை! கிணற்றோரம் பதினைந்தடி விட்டுத்தான் வண்டி திரும்ப வேண்டும். அந்தத் துண்டு நிலத்தை மண்வெட்டியால் கொத்திக்கொள்ளலாம்.

மானியம் பற்றி எல்லாரும் கேட்பீர்கள். வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் வரையும் உண்டு. உச்ச வரம்பும் உண்டு. டிராக்டருக்கான சரக்கு, சேவை வரியும் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. விலைப் பட்டியல் கேட்கும்போது புதிய வரிப்படிதான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விண்ணப்பம், அனுமதி வந்த பிறகுதான் பில். முன்பணம் கட்டிவிட்டு வந்து "இப்ப எழுதிக் குடுங்க" என்று நின்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அதே துறையில் வாடகைக்கும் டிராக்டர் உண்டு. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வாங்குவதா வேண்டாமா என்று சந்தேகமாக இருக்கிறவர்கள் ஒரு பட்டம் அப்படி எடுத்து ஓட்டிப் பார்த்து, எத்தனை மணி நேர வேலை உங்களுக்கு இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

கடன் வாங்கினால் மாதத் தவணைக்குச் சம்மதிக்காதீர்கள். நமக்கு மாதச் சம்பளம் வருவதில்லை. அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணையாகக் கேளுங்கள், பாங்கில் தருகிறார்கள். எழுதாத படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

வண்டி வந்த பிறகு, முதல் ஐம்பது மணி நேரம் கடும் பாரம் ஏற்றாமல் ஓட்டி, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன மணிக்கு முதல் ஆயிலை மாற்றிவிடுங்கள். வைக்கோல் தூசி அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் வலையைத் தினமும் சாயங்காலம் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.